நாலாம் பக்கம் எழுதிய நர்சம்மா

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டென்சில் ஃபரியாவின் பாட்டு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கிடாரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. ராக் என்றார்கள். ஆனால் நான் சொல்லப்போவது பாட்டைப் பற்றி இல்லை. அந்தப் பாட்டுக்காரனைப் பற்றி மாதாமாதம் எழுதப்போய் ராமுத்தாய் பட்ட பாட்டைப் பற்றி. பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்று பலகை தொங்கும். உள்ளே ஆறு கட்டில், ஒரு மருந்தறை, ஒரு பிரசவ அறை. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் மிட்வைஃப் ராமுத்தாயும்தான். லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளிச் சனங்களுக்கு அவள் நர்சம்மா. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அவள் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து கொளுந்து பறிக்க வந்தவர். பத்தாம் வகுப்பு முடித்து, நாகர்கோவில் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துவிட்டு, பிறந்த எஸ்டேட்டுக்கே வேலைக்கு வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அண்ணன் பெரியமுத்து, போடியில் ஏலக்காய்க் கடையில் இருந்தார்.

சின்னத்தொரை என்று நாங்கள் சொல்லும் உதவி மேனேஜரின் பங்களாவில் சமையல் வேலை பார்த்த கபிரியேலின் மனைவிக்கு 1969-இல் முதல் பிரசவம். வலி ஒரு பகல் முழுக்க நீண்டது. பங்களா சமையல்கட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கொழும்பு ஆங்கில நிகழ்ச்சி. வெந்நீருக்காகப் போன ராமுத்தாய் அங்கே ஒரு குரலைக் கேட்டாள். ஆங்கிலப் பாட்டு. நடுவில் திடீரென்று இரண்டு வரி தமிழ், அதுவும் ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர்கள் பேசுகிற தமிழ்.

"யாருண்ணே அது, இங்கிலீஷ்காரன் நம்ம பேச்சுப் பேசுதான்?" என்று கபிரியேலைக் கேட்டிருக்கிறாள்.

"இங்கிலீஷ்காரன் இல்ல நர்சம்மா. ஒலவக்கோட்டு ரயில்வே காலனிப் பையன். சட்டக்காரன், ஆங்கிலோ இந்தியன். அப்பன் எஞ்சின் ஃபிட்டர்."

டென்சில் மொத்தமே மூன்று இசைத்தட்டுதான் போட்டிருந்தான். பெரிய ஊர்களில் அவனைப் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ பைத்தியம். கோயம்புத்தூர், பாலக்காடு, பெங்களூர்க் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். கொழிஞ்சாம்பாறையில் பெரிய பண்ணைக்காரர் வீட்டுப் பையன் சென்னியப்பன், 'டென்சில் ரசிகர் வட்டம்' என்று ஒன்றை நடத்தினான். மாதம் ஒரு தடவை எட்டுப் பக்கம் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் ஓட்டி, அறுபத்து மூன்று பேருக்குத் தபாலில் அனுப்புவான். வட்டச் சேதி என்று பெயர். ராமுத்தாய் அதில் சேர்ந்தாள். அடுத்த வருஷமே நாலாம் பக்கம் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. 'பத்திரிகையில் டென்சில்' என்பது தலைப்பு. கீழே, 'தொகுப்பு: ராமுத்தாய், சித்திரபுரம்' என்று போடுவார்கள்.

வட்டத்தில் இருந்த பட்டதாரிகளுக்குக் கிடைக்காத வசதி இவளுக்கு இருந்தது. தொரை பங்களாவின் பழைய பத்திரிகைகள் எல்லாம், மாத்திரை மடித்துக் கொடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். மெட்ராஸ் ஆங்கிலப் பத்திரிகை, கோட்டயத்து மலையாளப் பத்திரம், தமிழ் வாரப் பத்திரிகைகள். நான் கத்தரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் விரித்துப் பார்ப்பாள். டென்சில் பெயர் ஒரு வரி வந்தாலும் வெட்டி, ஒரு நீளப் பதிவேட்டில் ஒட்டி, தேதி போட்டு, தமிழாக்கி அனுப்புவாள்.

நான் ஒருநாள் அவற்றைப் படித்துப் பார்த்தேன். பெங்களூரில் கூட்டத்தைப் பார்த்துத் துப்பினான். கொச்சியில் மைக்கை உடைத்தான். கஞ்சா இல்லாமல் மேடை ஏறமாட்டான். யாரோ பணக்காரன் மனைவியோடு ஓடிப்போனான். பாதிக்கு மேல் இதுதான்.

"இந்தச் சாக்கடையையா உக்காந்து மொழிபெயர்க்க?" என்று கேட்டேன்.

"நல்லதோ கெட்டதோ, வந்தத வந்தபடி போடணும்ணே. நான் ஒரு சொல்லு கூட்டமாட்டேன், ஒரு சொல்லு குறைக்கமாட்டேன். சென்னியப்பன்ட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன்."

அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. பிரசவப் பதிவேட்டையும் அப்படித்தான் எழுதுவாள், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

1974-ஆம் வருஷம் ஆடி மாதம். மழை பிடித்துப் பன்னிரண்டு நாள் விடவில்லை. ஒரு காலை கபிரியேல் எஸ்டேட் ஜீப்பில் ஒருவனைக் கொண்டுவந்தார். கம்பளியில் சுற்றியிருந்தது. கண் இரண்டும் மஞ்சள். சின்னத்தொரையின் விருந்தாளியாம். வந்த நாலாம் நாளே வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான். சின்னத்தொரை கொச்சியில் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனவர் திரும்பவில்லை. விருந்தாளியின் வாந்தியைப் பார்த்துவிட்டு ஓடினார் என்பது கபிரியேலின் கணிப்பு.

டாக்டர் வந்து பார்த்தார். மஞ்சள் காமாலை, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அடிமாலிப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. உடுமலைப்பேட்டை வழி திறந்திருந்தாலும், அந்த வளைவுகளில் எட்டு மணி நேரம் இந்த உடம்பு குலுங்கினால் தாங்காது என்றார். "இங்கயே கிடக்கட்டும். குளுக்கோஸ் ஏத்துங்க. ரோடு திறக்கட்டும்."

நான்தான் நோயாளிப் பதிவேட்டில் எழுதினேன். டி. ஃபரியா, வயது 29, ஒலவக்கோடு. எழுதிவிட்டு நிமிர்ந்தால் ராமுத்தாய் பக்கத்தில் நின்று அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அவனா?" என்றேன்.

"கேஸுண்ணே. ஒரு கேஸு வந்திருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கொதிக்கவைக்கப் போனாள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டு நாள் அவள் அவனை ஒரு கேஸாகத்தான் பார்த்தாள். வாந்தியை அள்ளினாள். படுக்கையை மாற்றினாள். மலம் களிமண் நிறத்தில் போவதையும், சிறுநீர் பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் போவதையும் வேளாவேளைக்குக் குறித்து வைத்தாள். காய்ச்சல் ஏறும்போது அவன் செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். ஊசியைக் கண்டால் சின்னப் பிள்ளை மாதிரி இவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவள் யார், மாதாமாதம் என்ன எழுதுகிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குடித்த கஞ்சி வயிற்றில் நின்றது. "சிஸ்டர், படிக்க ஏதாச்சும் இருக்கா? சீலிங்கையே பாத்துப் பாத்து பைத்தியம் புடிக்கிது" என்றான்.

அவள் தன் அறைக்குப் போய் அந்த நீளப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். நான் மருந்தறை வாசலில் நின்றிருந்தேன்.

அவன் முதல் பக்கத்தைப் புரட்டினான். அடுத்த பக்கம். பிறகு சிரித்தான்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் சார். வட்டத்துல நாலாம் பக்கம் நான் எழுதுதேன். நாலு வருஷமா."

"நீங்களா?" என்று அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துச் சொல்ல ஆரம்பித்தான். "துப்புனது பொய். எனக்கு அன்னிக்கி இருமல். மைக்க ஒடச்சது நான் இல்லே, ஸ்டாண்டே ஒடஞ்சி இருந்தது. இந்த லேடிய நான் பாத்ததே இல்லே. இதுவும் பொய். இது யாருன்னே தெரியல." கடைசிவரை போனான். மலையாளப் பத்திரத்தில் வந்திருந்த நாலு வரித் துணுக்கு ஒன்றில் விரல் நின்றது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிறிஸ்துமஸ் விழாவில் ஃபிட்டர் ஃபரியாவின் மகன் டென்சில் இரண்டு பாட்டுப் பாடினார், குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கப்பட்டது. "இது மட்டும் நெஜம்" என்றான்.

ராமுத்தாய் பதிவேட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மருந்தறை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இம்புட்டுப் பொய்யையும் என் கையால எழுதி அறுபது பேருக்கு அனுப்பியிருக்கேண்ணே."

"நீ என்ன செய்வ? பத்திரிகைக்காரன் எழுதுனான்."

"அத நான்தான ஏந்திக் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள்.

அங்கேயே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடவில்லை. மறுநாள் ஓர் இன்லண்டு லெட்டரில் சென்னியப்பனுக்கு எழுதினாள். எனக்குச் சொல்லாமல்தான் எழுதினாள். நாலு வருஷம் ஊரார் பொய்யை எடுத்து எழுதியவளுக்கு, ஒரு தடவையாவது தானே பார்த்த நிஜத்தை எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. அம்மாவை நினைத்து அழுகிறார். ஊசிக்குப் பயப்படுகிறார். சிறுநீர் இன்ன நிறத்தில் போகிறது, இப்போது தெளிகிறது. யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு மட்டும். இதுதான் கடிதம். பின்னால் ஊரே படித்ததால் எனக்கு வரிக்கு வரி தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஓர் அம்பாசடர் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. உடுமலைப்பேட்டை வழியாக வந்திருக்கிறார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் சென்னியப்பன் இறங்கினான். கூட மூன்று கல்லூரிப் பையன்கள். ஐந்தாவதாகக் கேமராவோடு ஒருவன். ஒரு வாரப் பத்திரிகை நிருபன். பத்திரிகையின் பெயரை எழுத எனக்கு மனம் இல்லை.

டாக்டர் இல்லாத நாள். நான் வாசலில் மறித்தேன்.

"ஏனுங்க, நாங்க வட்டத்துல இருந்து வர்றமுங்க. ராமுத்தாயக்காதான் எழுதியிருந்தாங்க" என்றான் சென்னியப்பன், கை கூப்பியபடி.

அதைக் கேட்டுத்தான் எனக்கே விஷயம் தெரியும். நான் திரும்பி ராமுத்தாயைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஒருவன் கட்டில் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒருவன் சம்பங்கி மாலையை எடுத்து, படுத்துக் கிடந்தவன் கழுத்தில் போட்டான். பூ வாடை மூக்கில் ஏறியதும் டென்சிலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சோடு வாந்தி எடுத்துவிட்டான். ராமுத்தாய் ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கிப் பிடித்து மோவாயைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து நிருபன் பளிச் பளிச் என்று மூன்று படம் எடுத்தான்.

"எல்லாரும் வெளிய போங்க. சார் உடம்பு தாங்காது, வெளிய போங்க" என்று அவள் கெஞ்சினாள்.

போனார்கள். வெறுங்கையோடு போகவில்லை. டென்சில் தண்ணீர் குடித்த எனாமல் கப்பை ஒருவன் எடுத்துக்கொண்டான். தலையணையில் ஒட்டியிருந்த முடியை ஒருவன் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தான். மூன்றாமவன் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. காலையில் ஊசி போட்ட இடத்தில் வைத்துத் துடைத்த பஞ்சு, ரத்தம் காய்ந்துபோய் வாளியில் கிடந்தது. அதே வாளியில் ஒரு குழந்தையின் சிரங்குப் புண்ணைத் துடைத்த பஞ்சும் கிடந்தது. அவன் குனிந்து, விரலால் கிளறி, எது என்று தேர்ந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. பக்தியாம். சீழையும் புழுவையும் தினம் பார்த்தவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகிற போக்கில் சென்னியப்பன் நாலாம் பக்கத்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான். "எங்க ஊட்ல பத்திரமா இருக்குமுங்க அக்கா." அவள் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது சுயநினைவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டென்சில் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. புதன்கிழமை அடிமாலி ரோடு திறந்தது. அவன் அக்கா வந்து கொச்சி வழியாக அழைத்துப்போனாள். ஜீப்பில் ஏறும்போது எனக்கு "தேங்க்ஸ்" என்றான். ராமுத்தாய் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

பத்து நாளில் பத்திரிகை வந்தது. நடுப் பக்கம் முழுக்க அந்தப் படம். அவள் கை அவன் கன்னத்தில். வாந்தி தெரியாதபடி கீழே வெட்டியிருந்தார்கள். மலைப் பங்களாவில் ஒளிந்திருந்த பாட்டுக்காரனும் அவன்மேல் உயிரை வைத்த நர்சும் என்று கதை. ராத்திரிகளில் அவள் மடியில் படுத்து அவன் அழுதானாம். அவள் எழுதிய 'காதல் கடிதம்' என்று இன்லண்டு லெட்டரைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். சிறுநீர் வரியையும் விடவில்லை.

லயத்தில் எழுத்துத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்டினான். தண்ணீர்க் குழாயில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவள் போனபிறகு தொடங்கினார்கள். ஆபீசில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள், நோயாளியின் விவரத்தை வெளியே விட்டது ஏன் என்று. அது நியாயமான கேள்வி. "எழுதினது நான்தான், தப்பு என்னோடது" என்று ஒரே வரியில் பதில் கொடுத்தாள்.

போடியிலிருந்து பெரியமுத்து அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கடையில நாலு பேரு எம்முன்னாடியே விரிச்சு வச்சுப் பேசுறாய்ங்க. வேலைய எழுதிக் குடுத்துட்டு வா, போவோம்."

"வரல."

"இங்கன எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்ப?"

"மூணு பேருக்கு இந்த மாசம் பிரசவத்துக்கு நாளு குறிச்சிருக்கு. அதுல ஒருத்தி வயித்துல பிள்ளை தலைகீழா இல்லாம கால் முன்னால இருக்கு. நான் வரலண்ணே."

அவர் பத்திரிகையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் இவளைக் கூப்பிடவில்லை. கால் முன்னால் இருந்த சின்னத்தாய் மட்டும், வேறு வழியில்லாமல், வலி வந்து பாதி நாள் கழித்து ஆள் அனுப்பினாள். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. ராமுத்தாய் வாயோடு வாய் வைத்து ஊதி ஊதி அழ வைத்தாள். அதற்குப் பிறகு லயத்துக் கதவுகள் ஒன்றொன்றாகத் திறந்தன. ஆனால் அதற்குள் வட்டச் சேதி வந்துவிட்டது.

நான்தான் தபாலைப் பிரித்தேன். நாலாம் பக்கம். 'பத்திரிகையில் டென்சில்.' அந்த வாரப் பத்திரிகைக் கட்டுரை முழுவதும், மடியில் படுத்து அழுதது உட்பட, அப்படியே ஸ்டென்சிலில். கீழே வழக்கம்போல, 'தொகுப்பு: ராமுத்தாய், சித்திரபுரம்'. அவள் அந்த மாதம் ஒரு எழுத்தும் அனுப்பியிருக்கவில்லை.

அவள் அதைப் படித்தாள். எழுந்து வெளியே போய், கால்வாய் ஓரம் குனிந்து, குடித்த டீயை வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, "எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்ணே" என்றாள்.

கொழிஞ்சாம்பாறையில் நடந்ததைத் திரும்பி வந்து அவளே சொன்னாள்.

நிலக்கடலைக் காட்டுக்கு நடுவில் பெரிய வீடு. சென்னியப்பனுடைய அம்மா மோர் கொடுத்தார். அவன் ஓடிவந்தான்.

"வாங்கக்கா, வாங்க. ஒரு கடுதாசி போட்டிருந்தா பஸ்ஸுக்கே வண்டி அனுப்பியிருப்பனுங்களே. உங்கனாலதானுங்க வட்டம் இன்னைக்கு இருநூத்திப் பத்துப் பேரு. மெட்ராஸ்ல கெளை தொறக்கச் சொல்லிக் கேக்கறாங்க."

"எம்பேரப் போட்டு அதை ஏன் அடிச்சீங்க?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "பத்திரிகைல வந்ததை நாலாம் பக்கத்துல போடறதுதானுங்களே வழக்கம்? நல்லதோ கெட்டதோ, வந்தது வந்தபடி போடோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஒரு சொல்லு நான் மாத்தலீங்க."

"அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். நீங்க அங்க நின்னீங்க. நான் வாந்தியத் துடைச்சதப் பாத்தீங்க."

"பாத்தனுங்க. அதுக்கென்னங்க அக்கா? படிக்கறவங்களுக்கு அது புடிக்குது. டென்சில் பேரு நிக்கோணும், அவ்வளவுதானுங்க."

"உங்களுக்கு மட்டும்னு எழுதுன லெட்டர?"

"பத்திரிகைக்காரரு ஆதாரம் கேட்டாருங்க" என்றான்.

உள் அறையைக் காட்டக் கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டி ஒன்றில் வெல்வெட் துணி விரித்து எனாமல் கப். பக்கத்தில் காகிதத்தில் முடி. ஒரு சின்னக் குப்பியில் பஞ்சு, 'டென்சிலின் குருதி' என்று அழகான கையெழுத்தில் சீட்டு. அதற்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தனக்கு உடம்பெல்லாம் கூசியது என்றாள் ராமுத்தாய். அந்தப் பஞ்சு டென்சிலுடையதுதானா, சிரங்குக் குழந்தையுடையதா என்றே யாருக்கும் தெரியாது.

அவள் பெட்டியைத் திறந்து கப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"அக்கா, அது வட்டத்து..."

"ஆஸ்பத்திரிச் சாமான். அடியில நம்பர் இருக்கு, பாருங்க."

பதிவேட்டை அவனே எடுத்து நீட்டினான், அவளைச் சமாதானப்படுத்த. அவள் வாங்கவில்லை. "என் பேர அடிச்சிட்டு நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அங்கிருந்து நேராக ஒலவக்கோட்டுக்கு பஸ் ஏறினாள். ரயில்வே காலனியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். டென்சில் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதி உடம்பாகியிருந்தான். மஞ்சள் போயிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"அந்த லெட்டர் நான்தான் எழுதினேன். அதச் சொல்லணும்னு வந்தேன்" என்றாள்.

"தெரியும் சிஸ்டர். பத்திரிகையில படிச்சேன்."

"மன்னிச்சுக்கிடுங்க."

அவன் ரயில் ஒன்று போய் முடிகிறவரை காத்திருந்தான்.

"துப்புனான்னு எழுதுனாங்க, மைக்க ஒடச்சான்னு எழுதுனாங்க. யாரையோ எழுதுறான்னு நான் போயிட்டே இருப்பேன். இந்த மடி, காதல், அதுவும் அப்டித்தான். ஆனா உங்க லெட்டர் பொய் இல்லே சிஸ்டர். அம்மாவக் கூப்ட்டது நான்தான். ஊசிக்கிப் பயந்தது நான்தான். என் ஒண்ணுக்கு நெறம் வரைக்கும் கரெக்ட். பசங்க ரோட்ல என்னப் பாத்து அதச் சொல்லிச் சிரிக்கிறானுங்க. மத்ததுக்கெல்லாம் நான் இல்லேன்னு சொல்ல முடியுது. இதுக்கு முடியல."

"அது உங்களுக்கு நல்லது செய்யும்னு நெனச்சேன்."

"இருக்கலாம். நீங்க என்னய நல்லாப் பாத்தீங்க. உயிர் நின்னது உங்களாலத்தான். அத மறக்கமாட்டேன். ஆனா மன்னிப்பு கேட்டா, இன்னிக்கி எனக்கு வரலே. வந்துதுன்னு சொன்னா அதுதான் பொய்."

அவன் அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். ராமுத்தாய் குடித்துவிட்டு, ஈரலுக்கு என்னென்ன ஆகாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, சாராய வாசனைகூடக் கூடாது.

எஸ்டேட்டுக்கு வந்ததும் கப்பை ஃபீனாயிலில் ஊறப்போட்டுக் கழுவி அலமாரியில் வைத்தாள். மெமோ விஷயத்தில் டாக்டர் அவளுக்காகப் பேசினார். வேலை போகவில்லை. மறு வருஷம் போடிமெட்டுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு எஸ்டேட்டுக்கு மாற்றினார்கள்.

டென்சில் ஃபரியா அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. லோக்கோ ஷெட்டில் அப்பா வேலையை வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் இருந்தான். 1977-இல் ஈரல் மறுபடி கெட்டு இறந்துபோனான். வட்டம் அப்போது ஆயிரம் பேரைத் தொட்டிருந்தது. செத்ததற்குச் சிறப்பு மலர் போட்டார்கள். அட்டையில் எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

79-இல் நான் குடும்பத்தோடு போடிக்குப் போகும்போது, போடிமெட்டில் பஸ் நின்றது. டீக்கடையில் ராமுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். லயத்தில் ஒரு கேஸ் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். தலையில் நரை விழுந்திருந்தது.

"வட்டத்துல இருந்து இன்னும் கடுதாசி வருதாம்மா?" என்று கேட்டேன்.

"வருது. அவர் கடைசியில என்ன பேசினாருன்னு எழுதித் தரணுமாம். ரெண்டு தடவ நேர்லயே வந்துட்டாங்க."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னுட்டேன். எனக்குக் கோவம்லாம் இல்லண்ணே. அருவருப்புதான். அது அவங்க மேல மட்டும் இருந்தாக் கையக் கழுவிட்டு வேலையப் பாத்திருப்பேன். என் கையெழுத்தப் பாத்தாலும் வருதே. அண்ணனுக்குக் கடுதாசி போடணும்னாக்கூட இங்க எஸ்டேட் கணக்கு எழுதுற ரைட்டரு வீட்ல சொல்லித்தான் எழுதிக்கிடுதேன்."

டிரைவர் ஹார்ன் அடித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்துவிட்டு, எத்தனையாவது மாதம் என்று கேட்டாள். ஏழு என்றேன். முகத்தில் வீக்கம் இருக்கிறதே, உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றாள். எட்டாம் மாதம் தொடங்கியதும் ஒருதரம் தன்னிடம் கூட்டிவரச் சொன்னாள். கூட்டிப்போனேன்.